அசையாத கோடு

எதிர்க் கட்டடத்தின் உச்சியில் பொருத்தியிருந்த நான்கு பெரிய விளக்குகளும் மறுநாள் மாலை முதல் எரியும் என்று காவலாளி சொல்லியிருந்தார். அந்த வெளிச்சத்தில் வானம் வெளுத்துவிடும். ஆகவே லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படமெடுக்க எஞ்சியிருந்தது அந்த ஓர் இரவுதான். மூன்று மாதங்களாக மொட்டைமாடியில் அவர் எடுத்த படங்களில் விண்மீன்கள் புள்ளிகளாக நில்லாமல் கோடுகளாக இழுபட்டிருந்தன. மகளின் புதுவீட்டுக்கு ஒரு விண்மீன் மண்டலத்தின் படம் தருவதாக வாக்களித்திருந்தார். அவளும் அதற்கென ஒரு சுவரை வெறுமையாகவே விட்டு வைத்திருந்தாள்.

பெரிய தொலைநோக்கியின் முதுகில் சிறியதொன்றையும், அதன் பின்னால் வழிகாட்டிக் கேமராவையும் பொருத்தினார். அது ஒரு விண்மீனையே கண்கொட்டாமல் பார்த்திருக்கும்; இம்மி விலகினாலும், வானோடு சேர்த்துத் தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டாரை மடிக்கணினி திருத்தும். முதலில் மூடியைப் போட்டு இருட்டைப் படமெடுத்து, கேமராவின் பழுதான புள்ளிகளைக் கணினிக்கு அடையாளம் காட்டுக என்றது கையேடு. முப்பது ஆண்டுகள் கையேடு பாராமல் லிஃப்ட்டுகளைப் பழுதுபார்த்தவர் அந்தப் பக்கத்தைத் தாண்டிச் சென்றார்.

விண்மீன் ஒன்றைத் தேர்ந்து ஒத்திகை பார்த்தார், மோட்டார் பணிந்தது. பிறகு மேகமொன்று குறுக்கிட, விண்மீன் தொலைந்தது. மேகம் கலைந்ததும் திரையில் பளிச்சென்றிருந்த புள்ளியைத் தேர்ந்தார். விலகலைக் காட்டும் கோடு அடிக்கோல் வைத்து வரைந்ததுபோல் நேராக ஓடியது. பெருமை தாளாமல் மகளை அழைத்தார். அவள் ஊரில் அப்போது காலை.

"கோடு அசையவே இல்லம்மா."

"ஆஸ்பத்திரியில கோடு அப்படி வந்தா ஆளையே மூடிருவாங்கப்பா."

"வாயக் கழுவு. இது வேற கோடு."

"சரி சரி, பஸ் வந்துருச்சு. சாப்பிட்டுட்டு உக்காருங்க."

அவர் சாப்பிடவில்லை. பெரிய தொலைநோக்கி படமெடுத்துக்கொண்டிருக்க, நடந்தால் தளம் அதிருமென்று அஞ்சி, இரண்டு மணி நேரம் ஒரே படியில் அமர்ந்திருந்தார். பின்னர் படங்களைத் திறந்தார். அத்தனையிலும் விண்மீன்கள் பழையபடி கோடுகளாகவே இருந்தன.

ஏதோ தோன்றச் சிறிய தொலைநோக்கியை மூடினார். வானம் முழுதும் மறைந்த பின்னும் திரையில் அந்தப் புள்ளி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அது விண்மீன் அன்று, கேமராவின் பழுது. அசையாத ஒன்றுக்கு வழிகாட்டிக் கேமரா இவ்வளவு நேரமும் காவல் இருந்திருக்கிறது.

மண்டலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னே இறங்கக் கால்மணி நேரமே இருந்தது. மூடியைக் கழற்றினார். மங்கலான, மெய்யான விண்மீன் ஒன்றைத் தேடிப் பிடித்தார். இம்முறை கோடு நடுங்கியது. ஏறியது, இறங்கியது, ஒவ்வொரு முறையும் நடுவுக்குத் திரும்பியது. ஐந்து நிமிடங்களில் ஒரே ஒரு படம். மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக இருந்தது. ஆனால் விண்மீன்கள் உருண்டையாக நின்றன.

அதை மகளுக்கு அனுப்பினார். வேலையில் இருப்பாள், பார்த்ததற்கான குறி விழவில்லை.

மண்டலம் தொட்டிக்குப் பின்னே மறைந்தது. இனி எடுக்கப் படம் இல்லை. எனினும் கணினியை அணைக்க அவருக்கு மனம் வரவில்லை. நடுங்கும் அந்தக் கோட்டைப் பார்த்தபடியே, ஆறிப்போன சோற்றைப் பிசைந்தார்.