ஹெங்யாங்கின் தெற்குக் குன்றுகள்

ஜெர்மனியில் ஹனோவருக்குத் தெற்கே ஒரு சிறுநகர், அதைச் சுற்றி ஒரு மாவட்டம். சிவமலர் நடமாட அனுமதிக்கப்பட்டிருந்த பூமி அவ்வளவுதான். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை எல்லையைத் தாண்டக் கூடாது, வேலையும் செய்யக் கூடாது. வந்து இரண்டு வருடமாகியும் முடிவு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் பதினொரு வருடம் படவரைஞராக இருந்தவள், இங்கே ஒரு பழைய விடுதியின் மேல்மாடியில், கலாதேவி என்ற பெண்ணோடு ஒரே அறையில், விடிந்தால் எப்போது பொழுதுபடும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அன்றைக்கு ஒருவரைத்தான் ஏற்ற முடியும் என்றதால் அவள் முந்தி வந்துவிட்டாள். கணவன் யோகலிங்கமும் ஏழு வயது ரஞ்சினியும் கொக்குவிலில் இருந்தார்கள்.

விடுதியின் கீழ்த்தளம் சீனச் சாப்பாட்டுக்கடை. அதை நடத்திய லியாவுக்கு அறுபத்திரண்டு வயது. மேலே குடியிருப்பவள் வரைபடம் வரைந்தவள் என்று கலாதேவி வாயால் அறிந்தவர், 1987 புரட்டாதியில் ஒரு நாள் வந்து கதவைத் தட்டினார்.

"ஓர் ஊரை வரைந்து தருவீர்களா? இப்போது அந்த ஊர் அப்படி இல்லை."

ஊரின் பெயர் ஹெங்யாங். சீனாவின் தென்பகுதியில், சியாங் ஆற்றங்கரையில், இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கும் நகரம். அந்த ரயில் பாதைகளுக்காகத்தான் 1944 கோடையில் ஜப்பானியப் படை அதைச் சூழ்ந்தது. லியாவ் அப்போது சீனப் பட்டாளத்துச் சமையல்காரர். அவருடைய அண்ணன் அதே படையில் சிப்பாய். நாற்பத்தேழு நாள் முற்றுகையில் அண்ணன் செத்தார். தம்பி கையாலேயே புதைத்தார். வருகிற வசந்தத்தில் முதல் தடவையாகத் திரும்பிப் போக லியாவுக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஆனால் தரைமட்டமான நகரத்தைப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். புதைத்த இடத்தை எங்கே என்று தேடுவது?

மத்தியானத்துக்குப் பிறகு கடை பூட்டியிருக்கும் நேரத்தில் சிவமலர் கீழே இறங்கினாள். இருவருக்கும் ஜெர்மன் அரைகுறை. ஆறு, குன்று, குளம், வடக்கு, தெற்கு ஆகிய சொற்களே போதுமாக இருந்தன.

"ஆற்றைப் பார்த்து நின்றால் காலை வெயில் எங்கே படும்?"

"முகத்தில்."

"அப்படியென்றால் ஆறு கிழக்கே."

வடக்கே இன்னொரு சிற்றாறு. மேற்கே வயலும் குளங்களும் சேறும். தெற்கே மட்டும் காய்ந்த நிலம், சிறு சிறு குன்றுகள். எதிரி அந்தப் பக்கத்தால்தான் வந்தான். லியாவின் படையினர் குன்றுகளின் சரிவை வெட்டி மதில்போல் நிமிர்த்தி, மேலேயிருந்து கைக்குண்டு எறிந்தார்களாம். அரிசிக் களஞ்சியம் எரிந்த பிறகு கருகிய அரிசியையே உப்புப் போட்டுக் காய்ச்சினாராம் லியாவ். நெடுநாளைக்குப் பிறகு சிவமலரின் கை தன் வேலையைச் செய்தது. அவர் நடந்த தூரங்களைச் சிகரெட் பிடிக்கும் நேரத்தால் சொல்ல, அவள் அதை மீற்றராக்கி அளவுத்திட்டம் போட்டாள்.

ஐப்பசி பத்தாம் திகதி யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்துக்கும் புலிகள் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கிவிட்டது. ஊரடங்கு, தொலைபேசி கிடையாது, தபால் கிடையாது. கொக்குவிலில் கடும் சண்டை என்று மட்டும் வானொலி சொன்னது.

சிவமலர் கீழே போவதை நிறுத்தினாள். நாலாம் நாள் லியாவே சூப்போடு மாடிக்கு வந்தார். அவள் கோப்பையைத் தொடவில்லை.

"உள்ளே அகப்பட்ட சனம் எப்படி வெளியே வரும்? நீங்கள் எப்படி வந்தீர்கள்?"

லியாவ் அவளைத் தேற்றப் பொய் சொல்லவில்லை. "உதவிப்படை வருகிறது, வருகிறது என்று தினமும் சொன்னார்கள். நகரத்துக்குள் அது வந்து சேரவில்லை. சரணடைந்த பிறகு எங்களைப் பிடித்து வைத்திருந்தார்கள். தண்ணீர் எடுத்து வா என்று அனுப்பினார்கள். ஆற்றங்கரையில் வாளிகளை வைத்துவிட்டு நடந்தேன். அவ்வளவுதான். சமையல்காரன் என்றபடியால் தப்பினேன்."

அந்தப் பதில் அவளை அழவைத்தது. ஆனால் அன்றைக்குத்தான் அவள் சாப்பிட்டாள்.

கார்த்திகைக் கடைசியில் பிராங்பேர்ட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. கொக்குவிலைச் சேர்ந்த லோறன்ஸ் என்பவர் வந்து இறங்கியிருக்கிறார். யோகலிங்கத்தின் கடிதம் அவர் கையில். தபாலில் விடப் பயப்படுகிறார், நேரே வாங்கச் சொல்கிறார். சிவமலர் அன்றே வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஓடினாள். மாவட்டத்தைத் தாண்ட அன்ட்ராக் என்ற மனு எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு டேர்மின், அதாவது சந்திக்கும் நாள், மூன்று கிழமைக்குப் பிறகுதான் என்றார்கள்.

"அக்கா, பெமிட் இல்லாமல் வெளிக்கிடாதேங்கோ," என்றாள் கலாதேவி. "பிடிச்சாங்களெண்டால் கேசுக்குக் கூடாது."

"மூண்டு கிழமை என்னாலை ஏலாது பிள்ளை. என்ரை குஞ்சு இருக்கோ இல்லையோ எண்டு தெரியாமல் மூண்டு கிழமை எப்பிடி இருக்கிறது?"

மறுநாள் காலை ரயில் ஏறினாள். மாவட்ட எல்லையைத் தாண்டி இரண்டாவது நிலையத்தில் பொலிஸ்காரர் இருவர் ஏறினார்கள். பெட்டி நிறையச் சனம் இருந்தும் நேரே அவளிடம் வந்தார்கள். அட்டையைப் பார்த்தார்கள். இறக்கினார்கள். மாலைவரை ஒரு சிறிய அறையில் வாங்குப் பலகையில் இருத்திவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு வாகனத்தில் கொண்டுவந்து விடுதி வாசலில் விட்டார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் தாங்கவில்லை. கோபப்படக்கூட ஓர் ஆள் இல்லை.

லியாவ் கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். "எனக்கு ஜெர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது," என்றார். "திங்கட்கிழமை கடை பூட்டு. விலாசத்தைத் தாருங்கள்."

திங்கட்கிழமை விடியப் போனவர் பின்னேரம் ஏழு மணிக்குத் திரும்பினார். கடிதம் மடித்து மடித்துச் சுருட்டுப்போல் இருந்தது. கலாதேவிதான் பிரித்துக் கொடுத்தாள்.

யோகலிங்கத்தின் எழுத்து. வீட்டின் முன்பாதி இல்லை. நானும் ரஞ்சினியும் நல்லூர்க் கோயிலில் ஆயிரக்கணக்கான சனத்தோடு சனமாக இருக்கிறோம். பிள்ளைக்கு ஷெல் சத்தத்தில் இடக்காது கேட்கவில்லை. உன் தங்கை அன்னபூரணி தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனவள், உயிரோடு திரும்பவில்லை. வீட்டு வளவுக்குள்ளேயே அடக்கம் செய்தோம்.

சிவமலர் இரண்டு தரம் வாசித்தாள். நிலத்தில் இருந்துவிட்டாள். கலாதேவி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

லியாவ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றார். "உயிரோடு இருக்கிறார்களா?"

"இரண்டு பேர். தங்கை இல்லை."

அவர் வந்து தானும் நிலத்தில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

"சத்தமாக வாசிப்பீர்களா? எனக்கு விளங்காது. ஆனாலும் வாசியுங்கள்."

அவள் முதல் வரியிலிருந்து தமிழில் வாசித்தாள். தங்கையின் பெயர் வந்த இடத்தில் குரல் நின்றது. லியாவ் காத்திருந்தார். மறுபடி தொடங்கி முடித்தாள்.

தை மாதத்தில் எல்லை மீறியதற்கான தண்டனைக் கடிதம் வந்தது. விண்ணப்பம் இன்னும் பின்னால் தள்ளப்பட்டது. பங்குனியில் லியாவ் வரைபடத்தோடு சீனா போனார். அண்ணனைப் புதைத்த இடத்துக்கு அடையாளமாகச் சிவமலர் குறித்திருந்த குளத்தைத் தூர்த்து அதன்மேல் மாடிவீடுகள் கட்டியிருந்தார்களாம். ஒரு வீட்டுக்காரி கதிரை போட்டுக் கொடுக்க, அண்ணனுக்காக அரை மணித்தியாலம் அங்கேயே இருந்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

யோகலிங்கமும் ரஞ்சினியும் 1989 ஆவணியில் வந்து சேர்ந்தார்கள். அவர்களைக் கூட்டிவர பிராங்பேர்ட்டுக்குப் போக சிவமலருக்கு ஒரு நாள் அனுமதி கிடைத்தது. விமான நிலையத்தில் மகளை இறுக அணைத்துக்கொண்டு, என்னென்னவோ சொல்லிச் சொல்லி அழுதாள்.

"அம்மா," என்றாள் பிள்ளை, "மற்றப் பக்கம் வந்து கதையுங்கோ."

சிவமலர் பிள்ளையின் வலப்பக்கம் மாறி நின்றாள்.