குரோமிய முலாம்

முலாம்கூடத்துப் பெண்கள் ஏழு பேர் டாக்டர் அறைக்கு வெளியே மரப்பெஞ்சில் காத்திருந்தார்கள். பிரோனியா நான்காவதாக இருந்தாள். காலையில் மூக்கிற்குள் அப்பிக்கொண்ட வாசலின் களிம்பு உருகி மேலுதட்டில் இறங்கியது. துடைக்கப் பயமாக இருந்தது. துணியில் சிவப்பு தெரிந்துவிடும்.

"மூச்ச இழுத்து விடாதடி," என்று பக்கத்தில் இருந்த யாட்விகா காதோடு சொன்னாள். "விசில் கேக்குது. ரயில் வந்துருச்சுன்னு டாக்டர் பெட்டியத் தூக்கிட்டு ஓடி வரப்போறாரு."

பிரோனியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று இதே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போன ஸ்டெஃபாவை மத்தியானமே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கி மூன்று வருஷம். மதுவையும் ஐஸையும் போட்டுக் குலுக்கும் ஷேக்கர்களுக்கு எங்கு பார்த்தாலும் கிராக்கி. கனெக்டிகட்டின் அந்தத் தொழிற்சாலையில் பித்தளை ஷேக்கர்களைக் கம்பியில் மாட்டி, குரோமிய அமிலத் தொட்டியில் இறக்கி எடுப்பது பிரோனியாவின் வேலை. மின்சாரம் பாய்ந்ததும் தொட்டி நுரைத்து மஞ்சள் ஆவி முகத்துக்கு எழும்பும். ஐந்தாவது மாதம் மூக்கில் பொருக்குத் தட்டியது. ஒன்பதாவது மாதம் சுண்டுவிரலை ஒரு நாசியில் விட்டபோது நுனி மறு நாசிக்குள் போனது. அதை அவள் புருஷன் ஃபெலிக்ஸிடம்கூடச் சொல்லவில்லை. பித்தளை ஆலையில் ஆள் குறைத்ததிலிருந்து அவன் வீட்டில்தான் இருந்தான்.

"அடுத்தது!"

டாக்டர் அவள் தலையைப் பின்னால் சாய்த்து, விளக்கைப் பிடித்து, நாசியை இடுக்கியால் விரித்தார். நெடுநேரம் பார்த்தார். அவளிடம் ஒன்றும் கேட்காமல், மேசையில் இருந்த குமாஸ்தா ஜியெம்பாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

ஜியெம்பாவும் அவளைப் போலப் போலந்துக்காரன், ஞாயிறுதோறும் மாதா கோயிலில் அவளுக்கு முன்வரிசையில் உட்காருகிறவன். ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினான்.

"இதுல கையெழுத்துப் போடு. மூக்குல இருக்குற ஓட்டை சின்ன வயசுலேர்ந்தே இருக்குன்னு எழுதியிருக்கு."

"சின்ன வயசுல எனக்கு ஒண்ணுமே இல்லையேங்க."

"இருந்துச்சுன்னு வச்சுக்கயேன்."

"பின்னால மூக்கே அழுகிப்போச்சுன்னா யாருங்க பாப்பாங்க?"

ஜியெம்பா குரலைத் தாழ்த்தினான். "ஸ்டெஃபாவும் இதையேதான் கேட்டா."

பிரோனியா பேனாவை எடுத்தாள். குனிந்து பெயரின் பாதியை எழுதுவதற்குள் தாளில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. ஜியெம்பா அந்தத் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு, வேறு தாள் எடுத்து வைத்தான். இந்த முறை அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதினாள்.

கூடத்துக்குத் திரும்பியபோது மேஸ்திரி டுவையர் வாசலிலேயே நின்றார். நியூயார்க்கிலிருந்து வியாபாரிகள் வந்திருந்தார்கள். புது மாதிரி ஷேக்கர் அன்றுதான் முடிந்திருந்தது. உயர்ந்த கட்டடம் போல அடுக்கடுக்காக ஒடுங்கி, உச்சியில் சிவப்புக் குமிழ் வைத்தது.

"நீதான் எடுத்துக் காட்டணும்," என்று டுவையர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஜோடி வெள்ளைப் பருத்திக் கையுறைகளை நீட்டினார். "இதப் போட்டுக்க. வெறும் விரல் பட்டா கறை விழுந்துரும்."

விரல் முட்டிகளில் அமிலம் தின்ற புண்களின் மேல் துணி உராய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஷேக்கரை ஏந்தி ஜன்னலோரம் நின்றாள். வியாபாரிகள் சுற்றி வந்து பார்த்தார்கள். ஒருவர் அதில் தன் முகத்தைப் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார்.

அவர்கள் போனதும் டுவையர் கையை நீட்டினார். அவள் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்தாள். அவற்றை மடித்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"நின்னுட்டே இருந்தா எப்படி? தொட்டி காலியாக் கெடக்குது பாரு."

பிரோனியா வெறுங்கையால் அடுத்த கம்பியைத் தூக்கினாள்.