மூக்கில் குடியிருந்த கிருமி

மருத்துவமனைக் குழந்தைகள் வார்டின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவள் கைகளாலேயே கத்திக்கொண்டிருந்தாள். தலை, தலையைப் பிடிங்க! உள்ளே அவள் கணவர், தெருவுக்கே தையல்காரர், முதன்முதலாகப் பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு திருதிருவென்று விழித்தார். பெற்ற மகளையே ஒழுங்காகத் தூக்கத் தெரியாத மனிதர். அவளோ பன்றிக் கொட்டகையில் ஈரம் காயாத குட்டிகளை ஏந்தி, வாயைத் துடைத்து, மூச்சுவிட வைத்தே பழகியவள். அவளைத்தான் வெளியே நிறுத்திவிட்டார்கள். கட்டிய புருஷன் மேலேயே அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

பேத்தி மாதம் நிறையும் முன்பே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டாள். உள்ளே விடுமுன் நர்ஸ் கேட்ட கேள்விகளில் ஒன்று, பன்றி வளர்க்கிறீர்களா என்பது. ஆமாம் என்று இவள் பெருமையாகத்தான் சொன்னாள். இருவர் மூக்கிலும் பஞ்சுக் குச்சியை விட்டுப் பார்த்தார்கள். தையல்காரர் தப்பித்தார். இவள் மாட்டிக்கொண்டாள்.

"உங்களை அந்தக் கிருமி ஒண்ணும் பண்ணாதும்மா, மூக்குல சும்மா குடியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஆனா இந்த மாதிரி குழந்தைக்கு ஒட்டிக்கிட்டா, எங்ககிட்ட இருக்கற பாதி மருந்துக்கு அது மசியாது. தீவனத்துல மருந்து கலப்பீங்களா?"

"நோய் வராம இருக்கத்தான் டாக்டர்."

"கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக் குடுத்து, கிருமிக்கு அது பழகிப்போச்சு."

அவளுக்குச் சுருக்கென்றது. பால் மறந்த குட்டிகளில் ஒன்று தும்மினால் போதும், கொட்டகை முழுவதற்கும் தீவனத்தில் ஒரு பிடி தூவிவிடுவாள். ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றவற்றைச் சும்மா விட அவளுக்கு மனசு வராது. பாசம் என்றுதான் அதை நினைத்திருந்தாள். இப்போது அந்தப் பாசம் தன் மூக்குக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, பேத்தியைத் தொடாதே என்கிறதே என்று அழுகை முட்டியது.

மூக்குக்கு ஒரு களிம்பு, குளிக்க ஒரு சோப்பு. அதோடு, கொட்டகைப் பக்கமே போகக் கூடாது. போனால் மறுபடியும் வந்துவிடும்.

"அப்ப பன்னிங்களை யாருங்க பாக்கறது?" என்றாள், வராந்தா பெஞ்சில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து.

"நான் பாத்துக்கறேன்."

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. காற்று திசைமாறி வீசினாலே மூக்கைப் பொத்திக்கொண்டு தைக்கிற ஆள்.

"விளையாடாதீங்க. உள்ள போனா உங்களுக்கும் ஒட்டிக்கும். அப்புறம் பாப்பாவைத் தூக்க முடியாது."

தையல்காரர் தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நான்தான் தூக்கிட்டேனே" என்றார்.

அவள் மருத்துவமனைக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் தங்கிவிட்டாள். அவர் அவளுடைய ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் இறங்கினார். நாள் தவறாமல் போன் வரும். தண்ணீர்த் தொட்டியில் விழுந்த கதை, கிழட்டுத் தாய்ப்பன்றி சட்டையைக் கடித்து இழுத்த கதை. ஒருநாள் மட்டும் குரல் இறங்கியிருந்தது.

"அந்தச் சுண்டெலி இருமுதுடி. மருந்து டப்பாவைக் கையில வெச்சிருக்கேன். எல்லாத்துக்கும் கலந்துடவா?"

கலந்துடுங்க என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சுண்டெலி என்பது அவளே பெயர் வைத்த குட்டி, அந்த ஈற்றிலேயே சின்னது.

"வேண்டாங்க. அதை மட்டும் தனியா பிரிச்சு, காஞ்ச வைக்கோல் போட்டு, விளக்கைப் போடுங்க. மாட்டு டாக்டர் வந்து பாக்கட்டும். அவர் சொன்னா அதுக்கு மட்டும் குடுங்க."

"செத்துடுச்சுன்னா?"

"முதல்ல விளக்கைப் போடுங்க" என்று போனை வைத்தாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவரே கூப்பிட்டார். "இன்னும் இருமுது. ஆனா என் விரலைச் சப்புதுடி."

களிம்பும் சோப்பும் தீர்ந்து, மறுபடி பஞ்சுக் குச்சி விட்டு, ஒன்றுமில்லை என்று சொன்ன அன்று, நர்ஸ் பேத்தியை அவள் கையில் கொடுத்தாள். பூனைக்குட்டி கனம்கூட இல்லை. எத்தனையோ உயிரை ஏந்திய கை தானாகவே தலைக்கு அடியில் போனது. நிமிர்ந்து பார்த்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தையல்காரர் நின்றிருந்தார். உள்ளே வர முடியாதென்று தெரிந்தும் நன்றாகத் தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தார். இரண்டு கைகளையும் தூக்கி, முகமெல்லாம் பதற்றமாக, காற்றில் ஒரு குழந்தையை ஏந்திக் காட்டிக்கொண்டிருந்தார். தலை, தலையைப் பிடி!

ஏற்கெனவே பிடித்திருந்த தலையை, அவருக்காக இன்னும் கொஞ்சம் தாங்கிப் பிடித்தாள்.