பூவராகன் சார் அறை ட்யூப்லைட்

ஆய்வகத்தில் இருந்த ஒரே பாதரச விளக்கை உடைத்தவர் பேராசிரியர் பூவராகன். கல்லூரிக்கு வந்த விருந்தினர்களிடம் தூக்கிக் காட்டும்போது கை நழுவிவிட்டது. "ஸ்டூடண்ட்ஸ் எதையும் பத்திரமா வச்சிக்கிறதில்ல" என்று, தன்னிடம் எம்.எஸ்சி. ஆய்வு செய்யும் இசைவாணியைக் கைகாட்டினார். மறுநாளே அவளைக் கூப்பிட்டு, "நாளைக்கு வைவா. கேலிபரேஷன் இல்லாம தீசிஸ்ல கையெழுத்து போட மாட்டேன். அடுத்த வருஷம் வா" என்றார்.

குடிகாடு கிராமத்தில் இருக்கும் அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான். அடுத்த வருஷம் என்றால் மாப்பிள்ளை வருவான், எம்.எஸ்சி. வராது.

கல்லூரி மொட்டைமாடித் தொலைநோக்கியில் ஓரியன் நெபுலா என்ற விண்முகிலைப் பிடித்து, அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் படமெடுத்து வைத்திருந்தாள். படத்தின் எந்தக் கட்டத்தில் எந்த அலைநீளம் என்பதுதான் கேமராவுக்குத் தெரியாது; அதைக் குறிக்கும் கேலிபரேஷனுக்குத்தான் பாதரச விளக்கு. கடலூரில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் சாமிக்கண்ணு மாமாவுக்குப் போன் போட்டாள்.

"மாமா, பஸ்ஸுல தூங்கி முழிக்கிறீங்க. ஆலப்பாக்கம் போர்டும் புதுச்சத்திரம் போர்டும் பாத்தாதான எங்க வந்திருக்கோம்னு தெரியும்? பாதரசத்தோட கோடுங்கதான் எனக்கு அந்த போர்டு. ட்யூப்லைட்டுக்குள்ள பாதரசம் இருக்கு. ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

"ட்யூப்லைட்டுதான? அதுக்கா பாப்பா இம்மாம் லெக்சரு?"

கடலூரிலிருந்து அவள் கல்லூரி இருக்கும் சிதம்பரம் வரை பஸ்ஸில் உட்காராமல், ட்யூப்லைட்டை வேல்போல நிமிர்த்திப் பிடித்தபடி வந்து இறங்கினார். இசைவாணி உறையைப் பிரித்துப் பார்த்தாள்.

"மாமா, இது எல்.இ.டி.!"

"ஆமா, புதுசு. கரண்ட்டு கம்மியா இழுக்கும்."

"இதுல பாதரசமே இல்ல. கோடு வராது, வானவில்லுதான் வரும்."

"வானவில்லு நல்லாதான இருக்கும்?"

அம்மாவின் தம்பி என்பதால் கழுத்தை நெரிக்காமல் விட்டாள்.

கல்லூரி முழுக்க எல்.இ.டி. ஆகிவிட்டது. பூவராகன் அறையில் மட்டும் பழைய ட்யூப்லைட் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஏணியோடு வருபவனுக்கும் அவர் மின்னியல் பாடம் எடுப்பார். அதனால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. இசைவாணி மாமாவை ஏற இறங்கப் பார்த்தாள். காக்கிச் சட்டை, பையில் டெஸ்டர்.

"மாமா, ஒரு வேல இருக்கு."

சாமிக்கண்ணு நேராக உள்ளே போனார். "சார், லைட்டு மாத்த வந்திருக்கேன்."

"இப்பதான் வழி தெரிஞ்சுதா? எத்தினி கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன்!"

"அதான் சார், கடலூர்லேருந்தே வரேன்."

ட்யூப், அதைத் தாங்கும் பட்டி, சோக்கு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு, கொண்டுவந்த எல்.இ.டி.யை மாட்டினார். பூவராகன் பூரித்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். இசைவாணியை இரண்டு வருஷத்தில் ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டவரில்லை.

மாடியில், பழைய ட்யூப்லைட்டைத் தொலைநோக்கிக்கு முன்னால் கட்டி சுவிட்சைப் போட்டார்கள். சிமிட்டியது. "எரிஞ்சு தொலையேன், சனியனே!" என்று கத்தினாள். எரிந்தது. கணினித் திரையில் பாதரசத்தின் நீலக் கோடும் பச்சைக் கோடும் கத்தியால் கீறியதுபோல் விழுந்தன. அவற்றை வைத்துக் கட்டங்களுக்கு அலைநீளம் குறித்தாள். நெபுலாவின் ஆக்சிஜன் கோடு இருக்க வேண்டிய எண்ணில் போய் அசையாமல் நின்றது.

"ஆக்சிஜன் நின்னுடுச்சு மாமா!"

"அய்யய்யோ, யாருக்கு?"

மறுநாள் வைவா பூவராகன் அறையிலேயே நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பாராட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பூவராகன் ஆய்வேட்டைப் புரட்டினார்.

"நன்றியுரையில என் பேரக் காணோமே?"

"இருக்கு சார். சாமிக்கண்ணு மாமாவுக்குக் கீழ."

படித்தார்: 'பேராசிரியர் பூவராகன் அவர்களின் அறையில் இருந்த ட்யூப்லைட்டுக்கு.'

அண்ணாந்து பார்த்தார். புது வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. தேர்வாளர் பேனாவை நீட்டியபடி காத்திருந்தார். பூவராகன் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.