மேஸ்திரிக்கு ஒரு மருத்துவர்

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், திங்கட்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு, என் தங்கையின் நாய் மேஸ்திரி வாசற்படியில் இறங்கியபோது வலது பின்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை. அதற்கு வயது ஒன்பது. வழக்கமாகப் பார்த்துவந்த கால்நடை மருத்துவர் முந்தைய மாதம்தான் தொழிலை விட்டுவிட்டு மகனிடம் போய்விட்டார். எனவே புதியவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் தேர்ந்தெடுக்கும் வேலை எதுவானாலும் அது என்னுடையது.

தங்கை ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கணவர் இறந்தபின் இரண்டு பெட்டிகளும் இந்தச் சிறிய நாயுமாக என் வீட்டுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. யார் எந்த வேலை செய்தாலும் அருகில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பதால் நாய்க்கு அந்தப் பெயர். என்னிடம் சொல்லாதவற்றையும் அவள் அதனிடம் சொல்கிறாள் என்பது சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்குத் தெரியும்.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் தேர்வுத் துறையில் பணியாற்றியவள். எங்கள் பிரிவில் ஒரே விடைத்தாளை இருவர் திருத்துவார்கள். முதலாமவர் இட்ட மதிப்பெண் உறையில் இட்டு ஒட்டப்படும். இரண்டாமவர் கண்ணில் அது படக்கூடாது. வேறுபாடு மிகுந்தால் மூன்றாமவரிடம் போகும். மனிதர்களின் நேர்மையை நம்பியதைவிட இந்த ஏற்பாட்டையே நான் அதிகம் நம்பினேன். கால்நடை மருத்துவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டவையும் நல்லவையாக இல்லை. நோயாளிக்கு வாய் கிடையாது, உரியவருக்கோ பதற்றம். ஏமாற்றுவதற்கு இதைவிட வசதியான தொழில் எது? ஆகவே மூவரிடம் காட்டுவது, ஒருவர் செய்ததை மற்றவரிடம் சொல்லாமலிருப்பது, அவர்கள் எழுதித் தருவதைப் படிக்காமல் உறையில் ஒட்டிவைத்து இறுதியில் ஒருசேரப் பிரிப்பது என்று தீர்மானித்தேன்.

மூவரிடம் காட்டப்போவதை மட்டும் தங்கையிடம் சொன்னேன்.

"அக்கா, நாயைக் காட்டப் போறியா, டாக்டருங்களுக்குப் பரீட்சை வைக்கப் போறியா?"

"ரெண்டும்தான். நீ வேலைக்குக் கிளம்பு."

"பாவம்க்கா அவங்க. ஃபெயிலானா மறுதேர்வாவது உண்டா?"

முதலாமவருடையது கண்ணாடிக் கதவு போட்ட இடம். வரவேற்பில் இருந்த பெண் மேஸ்திரியைக் கண்ட நொடியிலேயே "செல்லம்" என்றாள். அவ்வளவு விரைவாகச் சுரக்கும் அன்பில் எனக்கு நம்பிக்கையில்லை. மருத்துவர் முன்னங்காலில் முடியை வழித்து இரத்தம் எடுத்தார், ஊசி போட்டார், பேசியதையெல்லாம் கணினியைப் பார்த்தே பேசினார். இரண்டாமவரிடம் செவ்வாய்க்கிழமை போனேன். சந்தைக்குப் பின்புறம், ஒற்றை அறை, கையுறை கிடையாது. "வேற எங்கயாச்சும் காட்டினீங்களா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் மருந்தை ஊசியில் ஏற்றினார். நானும் பதில் சொல்ல அவசரப்படவில்லை. அன்று மாலை மேஸ்திரி ஓரளவு நன்றாக நடந்தது. எவருடைய ஊசி வேலை செய்தது என்று பிரித்தறிய முடியவில்லையே என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே குறை.

புதன்கிழமை அது உணவைத் தொடவில்லை. வியாழக்கிழமை விடியும்போது வாந்தி எடுத்தது. கழிந்தது தார்போலக் கறுப்பாக இருந்தது. தங்கை விடுப்புச் சொல்லிவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டாள். இருவருமாக மூன்றாமவரிடம் போனோம்.

அவர் நாற்பது வயதுக்குட்பட்ட பெண். மேசைமேல் ஏற்றச் சொல்லாமல் தாமே தரையில் உட்கார்ந்து, நாயின் உதட்டை விலக்கி ஈற்றைப் பார்த்தார். ஈறு வெளுத்திருந்தது.

"இதுக்கு முன்னாடி யார் பார்த்தாங்க?"

"யாரும் பார்க்கலை" என்றேன். தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள்.

மருத்துவர் முன்னங்காலைத் தூக்கிக் காட்டினார். "அப்போ இங்க முடியை யாரு வழிச்சது? இதுவே ஷேவ் பண்ணிக்கிச்சா?"

சுவரில் மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா" என்றாள் தங்கை. "சொல்லித் தொலை."

பையிலிருந்து இரண்டு உறைகளையும் எடுத்து நீட்டினேன். ஒவ்வொன்றின் மேலும் வரிசை எண், நாள், நேரம் என எல்லாம் சரியாகக் குறித்திருந்தேன்.

"ஒட்டியிருக்கே. என்ன ஊசின்னு நீங்களே பார்க்கலையா?"

"மூணும் வந்தப்புறம் பிரிக்கலாம்னு இருந்தேன்."

அவர் கிழித்துப் படித்தார். முதல் தாளின் அடியில் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் ஏதோ இருந்தது. அதை என் பக்கம் திருப்பினார்: ஐந்து நாட்களுக்கு வேறெந்த வலிமருந்தும் ஸ்டீராய்டும் கூடாது. இரண்டாம் தாளில் ஸ்டீராய்டு.

"ஒண்ணு மேல ஒண்ணு போட்டதுல வயித்துல புண்ணாகி ரத்தம் கசியுது. கிட்னி எப்படியிருக்குன்னு இனிமேதான் தெரியும்."

"அப்போ ரெண்டாவது டாக்டர் பண்ணினது தப்புதானே?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் அதைத்தான் கேட்டேன்.

"முதல் ஊசி விஷயம் அவருக்கு யாரும்மா சொன்னாங்க?"

குளுக்கோஸ் ஏற்ற ஆயத்தம் செய்தபடியே அவர் மேலும் சொன்னார்: "நாய் பேசாது. அதுக்காகப் பேசறவங்க வார்த்தையை நம்பித்தான் நான் மருந்தைக் கையில எடுக்கணும். உங்க வார்த்தையை நம்பி என்னால எடுக்க முடியாது. இனிமே உங்க தங்கச்சி மட்டும் உள்ளே வரட்டும்."

கேள்வி கேட்பவளை வெளியேற்றிவிட்டு விருப்பம்போல் நடந்துகொள்ள இது ஒரு வழியோ என்ற ஐயம் எனக்கு அப்போதும் எழுந்தது. எழுந்ததை மறைப்பதற்கில்லை.

நாயை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினோம். ஆட்டோவில் தங்கை கேட்டாள்: "நேத்து அது சாப்பிடாம படுத்துக் கிடந்தப்போ, என்ன ஊசி போட்டாங்கன்னு நான் கேட்டிருந்தா பிரிச்சுப் பார்த்திருப்பியா?"

ஆம் என்பதுதான் சொல்லத்தக்க விடை. ஒரே நாளில் இரண்டாவது பொய்யாகிவிடுமோ என்று தோன்றியதால் அதைச் சொல்லவில்லை.

பதினாறாம் நாள், சனிக்கிழமை, நாயை வீட்டுக்கு அனுப்பும்போது பின்வருமாறு முடிவாயிற்று. மேஸ்திரியை இனி மூன்றாமவரே பார்ப்பார். தாள்கள் அனைத்தும் தங்கையிடம் இருக்கும். செவ்வாய்க்கிழமை மறுபடி இரத்தம் எடுக்கப்படும். அதுவரை எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. நான் உடன் போகலாம், அறைக்குள் போகக்கூடாது.

அவ்வாறே செவ்வாய்க்கிழமை தங்கை நாயைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. நான் எதிரிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவுக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி இருந்தது. அதன் வழியே இரண்டு சோடிப் பாதங்கள் எதிரெதிரே நிற்பது தெரிந்தது. பேச்சு கேட்கவில்லை; சிறுநீரகத்தைப் பற்றி மருத்துவர் என்ன சொன்னாரோ தெரியவில்லை. தங்கையின் குதிகால்கள் மட்டும் ஒருமுறை தரையிலிருந்து மெல்ல எழும்பி, அப்படியே நின்றன.