பெட்ஷீட் தனியாக மடிப்பது எப்படி

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. அலுவலகத்திலிருந்து எடுத்து வந்தது. தலைப்பில் இருக்கும் வரியை யாரோ சிலர் இணையத்தில் தட்டித் தேடியிருக்கிறார்கள். அது எங்கள் கணினிக்கு வந்தது. அங்கிருந்து இங்கே.

மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்ற தரவை எங்கள் நிறுவனம் மொத்தமாக வாங்குகிறது. யார் தேடினார்கள் என்பது அதில் இருக்காது. எந்த வரி, எந்த வாரம், எத்தனை முறை, அவ்வளவுதான். அதை வைத்து ஊர் எதற்கு ஆசைப்படுகிறது, எதற்குப் பயப்படுகிறது என்று அறிக்கை எழுதி விற்கிறோம். மழை பெய்த மறுநாள் ஷூ நாற்றம் போக வழி தேடுவார்கள். தேர்வு முடிவு வரும் வாரம் தலைவலி ஏறும். சம்பளம் வந்ததும் கடற்கரை விடுதி. மாதக் கடைசியில், முட்டையை மட்டும் வைத்து என்ன சமைக்கலாம்.

ஏன் தேடுகிறார்கள் என்பதும் அதில் இருக்காது. அதை நாங்கள் எழுதிக்கொள்வோம்.

என் வேலை சுத்தம் செய்வது. பொய்யாக ஏறிய எண்ணிக்கையைக் கண்டுபிடித்துக் கழிப்பேன். பிறகு, ஒரே மாதிரியான வரிகளை ஒன்றாகக் கட்டி ஒரு பெயர் வைப்பேன்.

2

கதையின் முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்.

அவன் மனைவி இறந்த பிறகு வீடு — [யார் இந்த அவன்? அடித்துவிட்டேன்.]

துணி மடிக்கும்போது அவள் எப்போதும் — [எப்போதும் என்ன? தெரியவில்லை. விட்டுவிட்டேன்.]

துயரம் என்பது — [இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.]

நேராகவே சொல்கிறேன். என் மனைவி இறந்துவிட்டாள். காய்ச்சல் என்று இருவரும் போனோம். நான் மட்டும் திரும்பி வந்தேன். வயது, நோயின் பெயர், டாக்டர் சொன்னது எதுவும் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

3

மெத்தையும் விரிப்பும் விற்கும் ஒரு கம்பெனி எங்களிடம் அறிக்கை கேட்டிருந்தது. நான் தரவைப் பிரித்துக்கொண்டிருந்தபோது இந்த வரி வந்தது. வரைபடத்தில் அதன் கோடு மெல்லியது. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் எங்கள் கணினி பூஜ்யம் என்றே காட்டும். அந்த அளவுக்கு ஒரு நூல் மேலே நின்றது.

பக்கத்து மேசைக்காரி அதைப் பார்த்துவிட்டாள். அலுவலகத்தில் அவளுக்குக் கொக்கி என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் ஒரு கேள்வியை மாட்டித் தொங்கவிடுவாள்.*

"இது நல்ல கேள்வியா இருக்கே. எலாஸ்டிக் வச்ச பெட்ஷீட்ட தனியா எப்படித்தான் மடிக்கிறது?"

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஆராயும் வரியை நாமே போய்த் தேடக் கூடாது. தேடினால் நம் கையும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே அதைச் சொல்லிக் கொடுப்பவர் மேலாளர். அன்று முதலில் தேடியவரும் அவர்தான்.

கம்பெனி மாதிரிக்கு அனுப்பிய விரிப்பு ஒன்று கூட்ட அறையில் கிடந்தது. ஆளாளுக்கு போனில் வீடியோவைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள்.

"இதுல என்னப்பா பெரிய வித்தை, குடுங்க இங்க" என்று மேலாளர் வாங்கினார். இரண்டு மூலைக்குள் இரண்டு கையையும் விட்டார். மூன்றாவது மூலையைப் பிடிப்பதற்குள் விரிப்பு அவர் தலைமேல் விழுந்தது.

"சார், உள்ள இருக்கீங்களா?" என்றாள் கொக்கி.

"சிரிக்காத. கதவச் சாத்து முதல்ல. யாராச்சும் பாத்தா மானம் போயிடும்."

நான் வாசலில் நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்று பேசி வைத்தது போல எல்லாரும் சற்று நல்லவர்களாக இருந்தார்கள்.

(* கொக்கி உண்மையில் இவ்வளவு பேச மாட்டாள். நான் பேசாததால் யாராவது பேச வேண்டியிருக்கிறது.)

4

இந்த இடத்தில் வாசகர் ஒரு காட்சியை எதிர்பார்ப்பார். நானும் எழுதிப் பார்த்தேன்.

அவள் அந்த முனையைப் பிடிப்பாள், நான் இந்த முனையை. உதறுவோம். ஒருவரை நோக்கி ஒருவர் நடப்போம். மூலைகள் சேரும்போது விரல்கள் —

நன்றாகத்தான் வந்தது. ஆனால் அப்படி ஒன்று நடந்ததாக எனக்கு நினைவில்லை. சரிபார்க்க மாமியாருக்குப் போன் செய்தேன்.

"அத்தை, அவ பெட்ஷீட்ட எப்படி மடிப்பா?"

"அவளா? மடிப்பாளா?" அத்தை சிரித்துவிட்டார். "பந்து மாதிரி சுருட்டி பீரோக்குள்ள திணிப்பா. அது வெளிய வர்றதுக்குள்ள கதவ அடிச்சுச் சாத்துவா. நான் வந்தப்பல்லாம் எடுத்து மடிச்சு வச்சுட்டுப் போவேன். நான் மடிச்சது உங்களுக்குத் தெரியாதா மாப்பிள்ளை?"

"தெரியும் அத்தை."

தெரியாது.

"எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

"சாப்டீங்களா?" என்றார்.

"ஆச்சு."

அந்தக் காட்சியை அடித்துவிட்டேன். அதில் இருந்த பெண் யாரென்று எனக்குத் தெரியவில்லை. பந்து சுருட்டுபவளைத்தான் எனக்குத் தெரியும். அவளைப் பற்றி எழுத முயன்றால் ஒரு வாக்கியத்துக்கு மேல் போகவில்லை. கதவை ஒரு காலால் உதைத்துச் சாத்துவாள். [உதைத்தாளா? அத்தை 'அடிச்சு' என்றுதான் சொன்னார். உதைத்ததாக நானே சேர்த்துக்கொண்டேன். இருக்கட்டும்.]

5

அடுத்த வாரத் தரவில் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது.

"பாத்தீங்களா?" மேலாளர் மேசையைத் தட்டினார். "நான் அப்பவே சொன்னேன். தனியா வாழறது இப்ப ஒரு கெத்து. யாரையும் நம்பி இல்ல. என் வீடு, என் கட்டில், என் பெட்ஷீட். 'சுதந்திரப் பறவைகள்'னு பேர் வச்சுடு."

"சார், ஒரு சின்ன சந்தேகம்" என்றாள் கொக்கி.

"ஆரம்பிச்சுட்டியா."

"போன வாரம் இந்த ரூம்ல எத்தன பேர் இதத் தேடினோம்?"

மேலாளர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"நான் என் தங்கச்சிகிட்ட சொன்னேன். அவ ஹாஸ்டல் பூரா பரப்பிட்டா. நீங்க சார்?"

"நான் என் பொண்டா —" மேலாளர் என்னைப் பார்த்தார். "வீட்ல காட்டினேன். வீட்ல... இருக்கறவங்களுக்கு."

"அப்ப பறவை நாமதான் சார்."

சிரித்துத் தீர்ந்ததும் வேலை என்னிடம் வந்தது. ஏறிய வாரத்தைக் கழித்தேன். பழைய மெல்லிய கோடு மட்டும் மிஞ்சியது.

கொக்கி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "பரவால்லயே. நாம கைய வைக்கறதுக்கு முன்னாடியே கொஞ்சம் பேரு இருந்திருக்காங்க. யாரா இருக்கும்?"

"தெரியல."

"சரி, கடைசிப் பக்கத்துல இதப் பத்தி ஒரு வரி போடு" என்றார் மேலாளர். "ஆனா நம்ம ஆளுங்க தேடினது ஒண்ணும் அதுல இல்லன்னு உறுதி பண்ணிட்டுப் போடுப்பா. மறுபடி மானம் போக முடியாது."

6

இப்போது வாசகருக்கு மட்டும்.

பீரோவில் அவள் பக்கத்தை ஒரு நாள் திறந்தேன். பந்து என் காலில் விழுந்தது. துவைத்தேன். மடிக்க வரவில்லை. இணையத்தில் அந்த வரியைத் தட்டித் தேடினேன், வந்தது. அடுத்த வாரம் துவைத்தபோது மறந்திருந்தது. மறுபடி தேடினேன். பிறகு ஒவ்வொரு வாரமும். எங்கள் தரவு மலிவான ரகம். ஒரே ஆள் எத்தனை முறை தட்டினாலும் அத்தனையும் எண்ணிக்கையில் சேரும்.

விதிப்படி நானும் நம்ம ஆள்தான். என்னைக் கழிக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னைக் கழித்தால் கோடு அந்த அளவுக்குக் கீழே இறங்கும். பூஜ்யம் ஆகும். என்னோடு அந்த மற்றவர்களும் போவார்கள். அவர்கள் எத்தனை பேர், யார், எனக்குத் தெரியாது. ஹாஸ்டல் பிள்ளைகளாக இருக்கலாம். உண்மையாகவே சுதந்திரப் பறவைகளாக இருக்கலாம். இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். அறிக்கையில் வராவிட்டால் அது எனக்கு மட்டும் தெரிந்ததாக முடிந்துவிடும்.

முடிவு ஒன்று: கழிக்கிறேன். அறிக்கை சுத்தம். யாருக்கும் எதுவும் தெரியாது.

முடிவு இரண்டு: கூட்டத்தில் எழுந்து, "சார், அதுல நானும் இருக்கேன்" என்கிறேன். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். கொக்கி அழுகிறாள். [கொக்கி அழ மாட்டாள். "நீ ஏன் முதல்லயே சொல்லல?" என்று கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லாததால் இந்த முடிவை நிறுத்துகிறேன்.]

முடிவு மூன்று: கழிக்காமல், சுத்தம் என்று குறித்து அனுப்புகிறேன். இந்த வேலையில் நான் செய்யாத ஒன்று அது.

அறிக்கை போய்விட்டது. கடைசிப் பக்கத்தில் அந்த வரி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.

7

ஒரு சிக்கல் பாக்கி. இந்தக் கதை அச்சில் வந்தால் உங்களில் சிலர் போனை எடுத்துத் தலைப்பைத் தட்டிப் பார்ப்பீர்கள். கோடு மறுபடி ஏறும். அதைக் கழிக்க வேண்டியவன் நான்தான். ஆர்வத்தில் தட்டியது எது, துவைத்த விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தட்டியது எது என்று தரவு சொல்லாது.

ஆனால் ஆர்வத்தில் வருபவர் ஒரு முறைதான் வருவார்.

தட்டுவதும் தட்டாததும் உங்கள் விருப்பம். இந்த வாரம் தட்டுபவர்களைக் கழித்துவிடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் நீங்கள் வந்தால் கழிக்க மாட்டேன்.