மின்மினி பேட்ச்சின் மஞ்சள் கயிறு

முன்பல் இரண்டு விழுந்த, இரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு சிறுமி, ஒற்றைக் கையால் ஒரகடத்துக் கார் தொழிற்சாலை ஒன்றை நிறுத்தி வைத்தாள். கதவு மாட்டிக்கொண்டிருந்தவர் கதவும் கையுமாக நின்றார். கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவர் துணியும் கையுமாக நின்றார். உதிரிபாகம் ஏற்றி வந்த லாரிகள் வாசலில் வரிசை கட்டி, அந்த வரிசையின் வால் நீண்டு நீண்டு தண்டலத்தில் ஒரு கல்லூரி கேன்டீனுக்குள் நுழைந்து டீ கேட்டது. ராப்பகலாகக் கேட்கிற இரைச்சல் சட்டென்று நின்று போகவே, செம்பரம்பாக்கம் ஏரி மீன்களெல்லாம் எந்தப் பெரிய மனுஷன் போய்ச் சேர்ந்தானோ என்று தண்ணீருக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்தன.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் இதை நம்பாத ஆள் கிடையாது. மீன் சங்கதியைக்கூட நம்பினார்கள். ஒரே ஒருவர்தான் அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று சாதித்தார். அவர் பெயர் வேல்ராஜ். அதே தொழிற்சாலையில் குவாலிட்டி மேனேஜர். இதில் வேடிக்கை, சம்பவத்தன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் நின்றவரே அவர்தான்.

எழிலரசி டீச்சருக்கு இது வேடிக்கையாக இல்லை. வேல்ராஜ் சொல்லுக்குத் தலையாட்டினால் அந்தச் சிறுமி, அவளுடைய மாணவி சுகப்பிரியா, பொய்க்காரி ஆகிவிடுவாள். பொய்க்காரிக்கு மின்மினி பேட்ச்சில் இடம் கிடையாது.

மின்மினி பேட்ச் என்பது விடிவெள்ளி பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பிறவி மேதைகளைப் பொறுக்கியெடுத்து வைத்திருந்த தனி வகுப்பு. அந்தப் பிள்ளைகளின் கற்பனையைத் தட்டி எழுப்புவது எழிலரசியின் வேலை. ஆனால் பெற்றோரில் முக்கால்வாசிப் பேர் கம்பெனி இன்ஜினியர்கள். தட்டி எழுப்புவதென்றால் மணிக்கு எத்தனை தட்டு, அதில் எத்தனை எழுச்சி என்று கேட்கிற ஜாதி. கமிட்டி ஒன்று போட்டார்கள். தலைவர் வேல்ராஜ். தாளாளர் சாம்சன் நல்ல மனிதர்தான். ஆனால் கமிட்டி தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

"டீச்சர், கிரியேட்டிவிட்டிங்கிறது ஒரு ப்ராசஸ்," என்றார் வேல்ராஜ் முதல் கூட்டத்திலேயே. "ஒரே புள்ளை யோசிச்சு, வரைஞ்சு, கலர் அடிச்சா டைம் வேஸ்ட். லைன் போட்டுருவோம்."

லைன் போட்டார்கள். முதல் பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை யோசிக்கும். இரண்டாம் பெஞ்ச் கோடு போடும். மூன்றாம் பெஞ்ச் வண்ணம் தீட்டும். கடைசியில் இருக்கிற பிள்ளை அதைத் தூக்கிப் பார்த்து "ஆஹா" என்று சொல்லும். அதுதான் குவாலிட்டி செக். யோசிக்கிற பெஞ்சுக்கு வந்த பிள்ளைகள் ஒரு வாரத்தில் முப்பது வயசு கூடினவர்கள் மாதிரி ஆனார்கள். ஒரு பையன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "இன்னிக்கு டார்கெட் ஜாஸ்தி டீச்சர்" என்றான். வாசலில் தொங்கிய பலகையில் அன்றைய கற்பனை உற்பத்தியைப் பச்சையிலோ சிவப்பிலோ எழுத வேண்டும். சிவப்பு விழுந்தால் சாயந்திரம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், "என் மகனுக்கு இன்று கற்பனை வராததற்குப் பொறுப்பு யார்?" என்று ஒப்பாரி எழும்.

பேட்ச்சில் சேர ஒரு பரீட்சை உண்டு. ஒரு செங்கல்லை வைத்து என்னென்ன செய்யலாம் என்று எழுத வேண்டும். யாரும் யோசிக்காததை யோசிக்கிற பிள்ளைக்கே மார்க். உடனே மெயின் ரோட்டில் ஒரு டியூஷன் சென்டர் முளைத்து, யாரும் யோசிக்காத நாற்பது பதில்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில், எறும்புக்குச் சிம்மாசனம், நிலாவுக்குத் தலையணை, யானைக்குப் பல்பொடி என்று எழுதித் தள்ளின. சுகப்பிரியா மட்டும் 'வீடு கட்டலாம்' என்று எழுதிவிட்டு, ஒரு வீட்டை வரைந்து, அதற்குள் ஒரு பாயை வரைந்து, பாயில் அப்பாவையும் வரைந்தாள். அப்பா இசக்கிபாண்டி தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு குடோனில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பெட்டி ஏற்றுகிறவர். வாடகை அறையில் அம்மா, அப்பா, இவள், பக்கத்து அறையின் டிவி சத்தம். சொந்தமாக யோசித்து எழுதியது இவள் ஒருத்திதான் என்று எழிலரசி அடம்பிடித்துச் சேர்த்துக்கொண்டாள். அன்றிலிருந்தே வேல்ராஜுக்கு அந்தப் பெண் கண்ணில் விழுந்த தூசி.

அப்புறம்தான் கயிறு வந்தது.

"எங்க லைன்ல எவன் கண்ணுல தப்பு பட்டாலும் தலைக்கு மேல இருக்கிற கயித்த இழுக்கலாம்," என்று வேல்ராஜ் பிள்ளைகளுக்கு விளக்கினார். "மியூசிக் கேக்கும். லைன் நிக்கும். இழுத்தவன யாரும் திட்டக் கூடாது. ஜெனரல் மேனேஜரே ஆனாலும் திட்டக் கூடாது. புரிஞ்சுதா?"

வகுப்பறை நெடுகத் துணிக்கொடி மாதிரி ஒரு மஞ்சள் கயிறு கட்டினார்கள். இழுத்தால் ஸ்பீக்கரில் டிங்டாங் என்று ஒரு பாட்டு. பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. ஏழு வயசில் மனுஷனுக்கு வரக்கூடிய அவசரக் கோளாறு ஒன்றே ஒன்றுதான். மறுநாள் காலையிலேயே டிங்டாங் கேட்டது. லைன் நின்றது. மின்மினிகள் அத்தனை பேரும் கும்பலாக எழுந்து பாத்ரூம் பக்கம் ஓடினார்கள். திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காதது போல நிலாவுக்குக் கலர் அடித்தார்கள். இழுத்தவரைத் திட்டக் கூடாது என்பதால் எழிலரசியும் திட்டவில்லை. ஆனால் லைன் நின்ற ஒவ்வொரு தடவைக்கும் காரணம் எழுத வேண்டுமே. அவள் யோசித்து 'கற்பனைக் கோளாறு' என்று எழுதி வைத்தாள்.

இதை வேல்ராஜ் கிராஃப் போட்டுத் திரையில் காட்டினார். கற்பனைக் கோளாறு மழைக்காலத்தில் மலை போல ஏறுகிறது, வெயில் காலத்தில் இறங்குகிறது, தண்ணீர் குடிக்கிற மணி அடித்த பிறகு உச்சிக்குப் போகிறது. "தண்ணியில ஏதோ மினரல் இருக்கு," என்று அவர் முடிவு கட்ட, பள்ளித் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எழிலரசி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

இப்படி இருக்கையில்தான், மேதைகளுக்கு ஃபேக்டரியைச் சுற்றிக் காட்ட ஏற்பாடானது. தலைமை அலுவலகத்திலிருந்து டைரக்டர் ஒருவர் வருகிறார், பிள்ளைகளைப் பார்த்தால் பூரித்துப் போவார் என்று வேல்ராஜ் கணக்கு.

அன்று காலையிலிருந்து டைரக்டர் கூடவே வேல்ராஜ். டைரக்டர் இளநீர் குடித்தால் இவரும் குடிக்க வேண்டும், மரியாதை. காப்பி வந்தது, குடித்தார். மோர் வந்தது, குடித்தார். டைரக்டர் "நன்றாக இருக்கிறதே" என்று இரண்டாவது டம்ளர் வாங்கினார். வேல்ராஜ் விடுவாரா.

பிள்ளைகளை லைன் ஓரத்தில் ஒரு மரப்படியில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். கார்கள் எலும்புக்கூடாக வந்து, சதை போர்த்திக்கொண்டு போயின. டைரக்டர் பேச ஆரம்பித்தார். சிறுவயதில் தாம் தீப்பெட்டியில் வண்டி செய்த கதையிலிருந்து தொடங்கினார். தீப்பெட்டி வண்டி புறப்பட்டுக் கல்லூரிக்குப் போய், கல்யாணம் முடித்து, வெளிநாட்டுக்கு விமானம் ஏறியும், பேச்சு முடிகிற ஊர் வரவில்லை. பக்கத்தில் வேல்ராஜ் மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தபடி நின்றார். முதலில் இடது காலில் நின்றார். அப்புறம் வலது காலில். பிறகு இரண்டு கால்களையும் பின்னிக்கொண்டு கோயில் சிலை மாதிரி வளைந்தார். நெற்றியில் வேர்வை. எழிலரசி அதைப் பார்த்து, 'பெரிய அதிகாரி பக்கத்தில் நிற்கிற பயபக்தி' என்றுதான் நினைத்தாள்.

சுகப்பிரியா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அடிப்படியில் நின்ற அவள் உயரத்துக்குக் கால்கள்தான் தெரிந்தன. அந்தக் கால்களின் பாஷை அவளுக்கு அத்துப்படி. சுற்றும் முற்றும் பார்த்தாள். தலைக்கு மேலே மஞ்சள் கயிறு ஓடிக்கொண்டிருந்தது. மரப்படியின் உச்சியில் ஏறி, எக்கி, இழுத்துவிட்டாள்.

மியூசிக் கேட்டது. லைன் நின்றது. மேலே சொன்ன கதவு, துணி, லாரி, மீன், எல்லாம் அப்போதுதான் நடந்தன.

வேல்ராஜ் மைக்கை டைரக்டர் கையிலேயே திணித்துவிட்டு ஓடினார். ஒரு குவாலிட்டி மேனேஜர் அந்த வேகத்தில் ஓடி அந்தப் பேட்டையில் யாரும் பார்த்ததில்லை. "பார்த்தீர்களா பிள்ளைகளே, லைன் நின்றால் எங்கள் ஆட்கள் எப்படித் துடிக்கிறார்கள்," என்று டைரக்டர் மைக்கில் சொல்லிப் பூரித்தார். எழிலரசி மட்டும் வேல்ராஜ் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்று கவனித்தாள். தப்பு என்றால் அது லைனில்தான் இருக்க வேண்டும். அவர் ஓடியதோ 'ஆண்கள்' என்று பலகை மாட்டியிருந்த கதவைப் பார்த்து.

அவர் திரும்பி வந்தபோது, மலையேறிச் சாமி பார்த்து இறங்கி வந்தவர் முகம் போல அவர் முகம் தெளிந்திருந்தது. லைனும் ஓட ஆரம்பித்திருந்தது.

அந்த வாரமே கமிட்டி கூடியது. தாளாளர் அறை. சுகப்பிரியா இனி பேட்ச்சில் இருக்கலாமா, கூடாதா என்பது ஒன்றே விஷயம். இசக்கிபாண்டி ஷிப்ட் முடிந்த சட்டையோடு வந்து கதவோரம் நின்றார். சாம்சன் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இன்னா சார் இது, ஊரே பேசுது," என்று சாம்சன் ஆரம்பித்தார். "பாப்பா லைன நிறுத்திச்சா, நிறுத்தலியா? நிறுத்திச்சுன்னா ஏன்னு சொல்லட்டும்."

"நிறுத்தவே இல்ல சார்," என்றார் வேல்ராஜ். "நான் அங்கதான இருந்தேன். ஒன்னும் பாக்கல. அது பிரேக் டைம் மியூசிக். புள்ளைங்க கதை கட்டுது."

"நான் பாத்தேன் சார்," என்றாள் எழிலரசி.

"டீச்சர், நீங்க லைன்ல வேலை பாத்திருக்கீங்களா?"

"இல்ல. கண்ணு ரெண்டும் நல்லா கீது சார்."

சாம்சன் இருமினார். வேல்ராஜ் சிரிக்கவில்லை. "சரி, லைன் நின்னப்ப நான் எங்க இருந்தேன்? அதையும் பாத்திருப்பீங்களே, சொல்லுங்க."

எழிலரசியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பெற்றோர் நிறைந்த அறையில் ஒரு ஆம்பிளையைப் பற்றி ஒரு டீச்சர் எப்படிச் சொல்வாள். வாயை மூடிக்கொண்டாள். அவள் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தேதான் அவர் கேட்டார் என்பது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சாம்சன் பிள்ளையிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இழுத்தியா?"

"இழுத்தேன் சார்."

"ஏன்?"

"சொல்ல மாட்டேன்."

"ஏட்டி, சார் கேக்காவல்லா," என்றார் இசக்கிபாண்டி. "சொல்லிரு தாயி. சொல்லலன்னா வெளிய அனுப்பிருவாவ."

சுகப்பிரியா அப்பாவின் பக்கம் திரும்பினாள். "யாருக்காக இழுத்தோம்னு சொன்னா அவியளுக்கு வெக்கமா இருக்கும்லாப்பா. எங்க கிளாஸ்ல யாரும் சொல்ல மாட்டோம். ஒருத்தருக்கு வந்தா இன்னொருத்தர் இழுப்போம். எல்லாரும் சேந்து ஓடுவோம். அப்பதான் யாருக்குன்னு தெரியாது."

எழிலரசிக்கு அப்போதுதான் உறைத்தது. வருஷம் முழுக்க அவள் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது. நாற்பது செங்கல் பதிலும் தோற்றுப்போகிற ஒரு யோசனையை இந்த வாண்டுகள் தாங்களாகவே கண்டுபிடித்து, நடத்தி, ரகசியமும் காத்திருக்கிறார்கள். அவள் அதற்குக் கற்பனைக் கோளாறு என்று பெயர் வைத்திருந்தாள்.

கமிட்டியில் ஒருவர் விடவில்லை. "ஆக யாருக்காகன்னு சொல்லாது. ஆதாரமும் இல்ல. அப்ப பொய்தான. எடுத்துரலாம் சார்."

சாம்சன் கமிட்டியைப் பார்த்தார். கமிட்டி சாம்சனைப் பார்த்தது. "இன்னாம்மா பண்றது," என்று அவர் எழிலரசியிடம் மெதுவாகச் சொன்னார்.

சுகப்பிரியா அழவில்லை. பேட்ச் பிள்ளைகளுக்குக் கொடுத்த கலர் டப்பாவைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள். வைத்துவிட்டு, வேல்ராஜைத் தாண்டிப் போகும்போது நின்று, குரலைத் தாழ்த்தி, "பயப்படாதீங்க அங்கிள். நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.

தாழ்த்தின குரல்தான். ஏழு வயசுத் தாழ்ந்த குரல் மூன்று அறைக்குக் கேட்கும். எல்லாத் தலைகளும் வேல்ராஜ் பக்கம் திரும்பின.

வேல்ராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். திரும்பவும் கழற்றினார். கதவோரம் இசக்கிபாண்டி மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"இருங்கண்ணே, போகாதீங்க," என்றார் வேல்ராஜ். அந்த வட்டாரத்தில் ஒரு மேனேஜர் ஒரு ஒப்பந்தத் தொழிலாளியை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். கலர் டப்பாவை எடுத்துச் சுகப்பிரியா கையில் கொடுத்தார். சாம்சன் பக்கம் திரும்பினார். பார்வை மட்டும் மேசை மேலேயே இருந்தது.

"நடந்துச்சு சார். லைன் நின்னுச்சு. இந்தப் புள்ளதான் இழுத்துச்சு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எனக்காகத்தான். இன்னும் கொஞ்சம் லேட்டா இழுத்திருந்தா மானம் போயிருக்கும்."